‘ஒத்துக்காது’ முதல் ‘ஒவ்வாமை’ வரை

“பனி ஒத்துக்காது.” “கருவாடு ஒத்துக்காது.” “அந்த ஊசி ஒத்துக்கல.” இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இந்த மூன்றுக்கும் ஒரே வினைதான். அதன் எழுத்து வடிவம் ஒவ்வாமை. ஒத்தல், ஒப்பு, ஒவ்வுதல் எல்லாம் ஒரு வேரில் கிளைத்தவை. ஒவ்வு என்ற வினையோடு எதிர்மறை ஆகாரமும் ‘மை’ விகுதியும் சேர, பொருந்தாத தன்மை என்ற பொருளில் ஒவ்வாமை பிறக்கிறது. அலர்ஜிக்கு இதைவிட நல்ல தமிழ்ச் சொல் தேட வேண்டியதில்லை. ஆனாலும் அதற்குள் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது.

அலர்ஜி என்ற சொல்லை 1906இல் உருவாக்கியவர் வியன்னாவில் குழந்தை வைத்தியராக இருந்த கிளெமென்ஸ் வான் பிர்கே. கிரேக்கத்தில் ‘அல்லோஸ்’ என்றால் வேறு, ‘எர்கோன்’ என்றால் செயல். குதிரையின் குருதியிலிருந்து எடுத்த சீரத்தை ஊசியாகப் பெற்ற பிள்ளைகளுக்கு, இரண்டாம் தடவை அதே ஊசி போட்டதும் முன்னையதைவிட விரைவாகக் காய்ச்சலும் தடிப்பும் வந்தன. சீரம் மாறவில்லை, உடம்புதான் மாறியிருந்தது. ‘வேறாகிப்போன எதிர்வினை’ என்பதுதான் அவர் வைத்த பெயரின் பொருள்.

தமிழ்ச் சொல்லில் இந்த ‘மாற்றம்’ இல்லை. ஒவ்வாமை என்றதும் பிறப்பிலேயே பொருந்தாத ஒன்று என்று காதில் விழுகிறது. “பத்து வருஷமா இதே ஸ்டோர்லதான் வேல செய்றேன், இப்ப எப்படித் தூசி ஒத்துக்காமப் போகும்?” என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது (ஸ்டோர் என்பது தேயிலைத் தொழிற்சாலை). பத்து வருடம் வேலை செய்ததால்தான் போனது. ஒரு பொருளை உடம்பு முதலில் சந்தித்து, அதற்கென்று ‘ஐஜிஈ’ என்ற பிறபொருளெதிரியை (அன்டிபாடி) செய்து, அது மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள மாஸ்ட் கலங்களின் மேல் போய் ஒட்டி உட்கார வேண்டும். அதுவரை ஒரு தும்மல்கூட வராது. பிறகு ஒரு நாள் அதே பொருள் வரும்போது அந்தக் கலங்கள் வெடித்து, அரிப்பும் வீக்கமும் தரும் ஹிஸ்டமினைக் கொட்டும். இந்த ஐஜிஈயை 1966இல் கண்டறிந்து சொன்னவர்கள் கிமிஷிகே இஷிசாக்கா, தெருக்கோ இஷிசாக்கா என்ற ஜப்பானியத் தம்பதி.

ஸ்டோர்க் கதை கற்பனையல்ல. சல்லடை அறையில் பறக்கும் தூசியில், கொழுந்தின் அடிப்பக்கத்திலிருக்கும் பூனைமயிர் போன்ற நுண்ணிய ரோமமும் கலந்திருக்கிறது. அந்தத் தூசியை மூச்சில் இழுத்து வரும் ஆஸ்துமாவைப் பற்றி இலங்கை வைத்தியர் சி. ஜி. உரகொட 1970இலேயே மருத்துவ இதழில் எழுதினார். கிழமை நாட்களில் கூடி, விடுமுறையில் குறைந்து, மறுபடி வேலைக்குப் போனதும் திரும்பும் இருமல் என்றால் அறையைச் சந்தேகிக்க வேண்டும்.

அப்படியானால், ஒவ்வாமை ‘பரம்பரை’ என்கிறார்களே, அது எது? பிறப்போடு வருவது ஒவ்வாமை அல்ல, ஒவ்வாமை கொள்ளும் வாகு. இதற்கு 1923இல் ஆர்தர் கோக்காவும் ராபர்ட் குக்கும் ‘அட்டோபி’ என்று பெயரிட்டார்கள். இடம்பெயர்ந்தது, விசித்திரமானது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல் அது. தமிழில் ‘மரபுவழி மிகையுணர்வு நிலை’ என்றெல்லாம் நீட்டுவதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. “அவன் உடம்பு வாகு அப்படி” என்று பாட்டி சொல்வாளே, அந்த ‘வாகு’ போதும். ஒவ்வாமை வாகு. அது ஒரு வீட்டில் அண்ணனுக்குத் தோல் கரப்பனாகவும், தங்கைக்குத் தும்மலாகவும், அவள் மகனுக்கு ஆஸ்துமாவாகவும் வெளிப்படலாம். ஆகவே “எங்க குடும்பத்துல யாருக்கும் ஆஸ்துமா இல்லையே” என்ற பதிலோடு விசாரணை முடிவதில்லை. கரப்பனையும் மூக்கையும் கேட்க வேண்டும்.

வாகைத் தருவது ஒரே ஒரு பரம்பரையலகு (ஜீன்) அல்ல, பல. தோலின் மேலடுக்கை இறுக்கமாக வைத்திருக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் அலகில் பழுதிருந்தால் கரப்பன் எளிதில் வரும் என்பது 2006இல் தெரிந்தது. சிறுவயதில் தொடங்கும் ஆஸ்துமாவோடு 17ஆம் நிறமூர்த்தத்தின் (குரோமோசோம்) ஒரு பகுதி தொடர்புபட்டிருப்பது 2007இல் தெரிந்தது. ஒரே அலகுத் தொகுதியுள்ள, அச்சு அசலான இரட்டையரில்கூட ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போவதுண்டு. மிச்சத்தைச் சூழல் செய்கிறது.

சூழலின் கையை எடுத்துக் காட்ட, அமெரிக்காவின் இரண்டு விவசாயச் சமூகங்களை வைத்து 2016இல் வெளிவந்த ஆய்வைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. ஆமிஷ், ஹட்டரைட் என்ற இரு பிரிவினரும் வம்சத்தால் நெருங்கியவர்கள். உணவும் வாழ்க்கை முறையும்கூடப் பெரும்பாலும் ஒன்று. ஆமிஷ் வீட்டுப் பக்கத்திலேயே மாட்டுத் தொழுவம். பிள்ளைகள் அதற்குள்ளேயே வளர்கிறார்கள். ஹட்டரைட் பண்ணையோ இயந்திரமயமானது, வீட்டுக்குத் தூரம். ஆமிஷ் பிள்ளைகளில் ஆஸ்துமா 100க்கு 5 அளவு, ஹட்டரைட் பிள்ளைகளில் 21 அளவு. தொழுவத்துத் தூசியில் உள்ள நுண்ணுயிர்ப் பொருட்கள் சின்ன வயதிலேயே நோயெதிர்ப்பைப் பழக்கிவிடுகின்றன என்பது விளக்கம். இதைப் படித்துவிட்டு ஏற்கெனவே இரைக்கும் பிள்ளையைத் தொழுவத்தில் உட்கார வைக்க வேண்டாம். பழக்கம் நோய் வருமுன் நடப்பது.

இனி ஆஸ்துமா. வாயைத் திறந்து மூச்சு வாங்குவதைக் குறித்த கிரேக்கச் சொல் அது. நம்மிடம் அதற்குப் பெயருக்குப் பஞ்சமில்லை: தொய்வு, ஈளை, இளைப்பு, இரைப்பு, முட்டு, இழுப்பு. ‘தொய்வு’ இலங்கைத் தமிழில் நன்றாக வேரூன்றியது. ஆனால் தொய்தல் என்றால் தளர்தல், ஆகவே அச்சொல் நோயாளியின் களைப்பைச் சொல்கிறதே தவிர மூச்சைச் சொல்லவில்லை. ‘ஈளை’ கோழையையும் குறிக்கும், பழைய வைத்தியத்தில் காசத்தோடும் கலந்து கிடக்கிறது. பொருளுக்கு மிக நெருங்கியது ‘இரைப்பு’. மூச்சுக்குழாயின் தசை இறுகி, உட்சுவர் வீங்கி, சளி அடைத்து, மிஞ்சிய குறுகிய வழியால் காற்று வெளியேறும்போது எழும் சத்தமே இரைச்சல். மூச்சை உள்ளே இழுக்கும்போதைவிட வெளியே விடும்போதுதான் அது கூடக் கேட்கும்.

மலையகத்தில் அதிகம் கேட்பது ‘இழுப்பு’. இந்தச் சொல்லோடு மட்டும் கவனம் தேவை. வலிப்புக்கும் பலர் இழுப்பு என்பார்கள். “புள்ளைக்கு இழுப்பு வந்திருச்சு” என்று பதறிச் சொன்னால், வெளியூரிலிருந்து வந்த வைத்தியர் கைகால் வெட்டி இழுப்பதாக நினைக்கக்கூடும். “மூச்சு இழுப்பு”, “நெஞ்சு இரைக்குது” என்று ஒரு சொல் கூட்டிச் சொல்வது நல்லது. இன்னொன்றும் உண்டு. இரைச்சல் நின்றுவிட்டது, ஆனால் பிள்ளையால் ஒரு வசனம் முழுதாகப் பேச முடியவில்லை, விலாவுக்கிடையில் தோல் உள்ளே குழிகிறது என்றால் அது சுகமல்ல. சத்தம் போடக்கூடக் காற்று போகவில்லை என்று பொருள். உடனே வைத்தியசாலை.

பூந்துகளுக்குப் பாடநூல் தரும் சொல் மகரந்தம். வடமொழியில் ‘மகரந்த’ என்பது பூவின் தேன். தமிழுக்கு வந்து துகளாகிவிட்டது. சங்கப் பாட்டில் வண்டுக்குத் ‘தாதுண் பறவை’ என்று பெயர். அந்தத் ‘தாது’தான் துகள். பூந்தாது என்றால் தேனோடு குழம்பாது, ஆகவே ‘பூந்தாது ஒவ்வாமை’ என்பதே நம் பரிந்துரை. மகரந்த ஒவ்வாமையும் தவறில்லை, பள்ளிப் பிள்ளைக்கு அதுதான் விளங்கும்.

தவறு ‘வைக்கோல் காய்ச்சல்’. ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்தது. 1819இல் ஜோன் பொஸ்டொக் என்ற வைத்தியர் தனக்கே ஒவ்வொரு கோடையிலும் வரும் கண் அரிப்பையும் மூக்கொழுகலையும் லண்டனில் விவரித்தார். புதிதாக அறுத்துக் காயவைத்த புல்லின் வாசனையால் வருவதென்று சனங்கள் நம்பியதால் அந்தப் பெயர் ஒட்டியது. சார்ல்ஸ் பிளாக்லி என்ற மான்செஸ்டர் வைத்தியர் ஒட்டும் கண்ணாடித் தகடுகளிலும் பட்டத்திலும் காற்றுத் துகளைப் பிடித்து, குற்றவாளி புல்லின் பூந்தாதே என்று 1873இல் நிறுவினார். இதில் வைக்கோலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. வைக்கோல் என்றால் நமக்கு நெற்தாள். வெலிமடைப் பக்கத்து வயல்காரர் ஒருவர் இந்தப் பெயரைப் படித்துவிட்டு வைக்கோற்போரைக் குறைசொன்னால் யார் பொறுப்பு?

குறைசொல்வதில் நம்மவரும் ஆளை மாற்றித்தான் பிடிக்கிறார்கள். ஏப்ரலில் நுவரெலியாவில் தும்மினால் பழி பூந்தோட்டத்துக்கு. கண்ணைப் பறிக்கும் பூ வண்டுக்கும் பறவைக்குமானது. அதன் தாது பிசுபிசுப்பானது, பறக்காது. தோட்டத்து நிழல்மரமான சவுக்கின் (கடற்கரைச் சவுக்கல்ல, கிரேவில்லியா) செம்மஞ்சள் பூவும் அந்த இனம். பைன் மரத்து மஞ்சள் தூள் சேலையில் படியும் அளவுக்குக் கொட்டும், ஆனால் ஒவ்வாமை தருவதில் பலவீனமானது. காற்றில் தாது விடும் புல்லுக்குப் பூ இருப்பதையே யாரும் கவனிப்பதில்லை. அதன் தாதுமணி 20 முதல் 40 மைக்ரோமீட்டர், மூக்கிலேயே தங்கிவிடும். இடிமழையின் ஈரத்தில் மணி வெடித்து நுண்துணுக்குகளானால்தான் சுவாசப்பைவரை இறங்கும். 2016 நவம்பர் 21இல் மெல்பேர்னில் அப்படி ஒரே மாலையில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறினார்கள், 10 பேர் இறந்தார்கள்.

தடிமனா (ஜலதோஷமா), பூந்தாதா? தடிமன் 7 முதல் 10 நாளில் போய்விடும், சளி தடிக்கும். ஒவ்வாமையில் மூக்குத் தண்ணீர் தெளிவாக ஒழுகும், கண்ணும் அண்ணமும் அரிக்கும், தும்மல் அடுக்கடுக்காக வரும், காய்ச்சல் இருக்காது. உறுதிசெய்யத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனை உண்டு: 15 நிமிடத்தில் 3 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிப்பு எழவேண்டும். தும்மல் குளிசையை (ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரை) சில நாள் முன்பே நிறுத்தாமல் போனால் தடிப்பு எழாது, சோதனை பொய்க்கும்.

உண்மையில் தோட்டக் குடியிருப்பான லயத்துக் காம்பராவில் (அறையில்) பூந்தாதைவிடப் பெரிய எதிரி படுக்கைக்குள் இருக்கிறது: தூசிச் சிற்றுண்ணி. நீளம் 0.3 மில்லிமீட்டர் அளவுதான். நாம் உதிர்க்கும் தோலைத் தின்னும். காற்றின் ஈரத்தைக் குடித்தே வாழ்வதால் ஈரப்பதன் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் காய்ந்து சாகும். சுவிட்சர்லாந்தின் டாவோஸ் ஆஸ்துமாக்காரர் போய்த் தங்கும் மலையூர். அதன் உயரம் ஏறத்தாழ 1560 மீட்டர், நுவரெலியா 1868. உயரத்தில் நாம் மேலே, ஆனால் அங்கே காற்று வறண்டது, இங்கே சுவர் வியர்க்கிறது. கம்பளியைப் பனி மூட்டத்தில் கொடியில் போட்டு எடுப்பதால் பயனில்லை. போர்வையும் தலையணை உறையும் கிழமைக்கு ஒரு தடவை 60 பாகை நீரில் ஊற வேண்டும். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால், மூன்று பங்கு கொதிநீருக்கு இரண்டு பங்கு குழாய்த் தண்ணீர் கலந்தால் அந்தச் சூடு கிடைக்கும். கம்பளி இதில் சுருங்கிப்போகும், அதற்குப் பருத்தி உறை தைத்து உறையை மட்டும் துவையுங்கள்.

அதே காம்பராவில் ஈர மிலாறு (வெட்டிய தேயிலைச் செடியின் குச்சி விறகு) புகைகிறது. அது ஒவ்வாமை அல்ல. புகைக்கு எதிராக உடம்பு ஐஜிஈ செய்வதில்லை. அது ‘உறுத்தி’. பூந்தாதும் சிற்றுண்ணியும் ‘ஒவ்வாமையாக்கி’. குளிர்ந்த பனிக்காற்றும் உறுத்திப் பக்கம்தான். இரண்டும் இரைப்பைக் கிளப்பும், ஆனால் தும்மல் குளிசை புகையைத் தடுக்காது. மிலாற்றைக் கூரைக்கடியில் காயவைப்பதும் புகைபோக்கி அடைப்பை எடுப்பதும்தான் வழி.

பேச்சில் ‘ஒத்துக்காது’ இருக்கட்டும். கிளினிக்கில் மட்டும் அதோடு நிறுத்தாமல் என்ன நடந்தது, எத்தனை நிமிடத்தில் நடந்தது என்று சேர்த்துச் சொல்லுங்கள். “அந்த ஊசி ஒத்துக்கல, வாந்தி வந்திச்சு” என்பது பெரும்பாலும் பக்கவிளைவு. “அந்த ஊசி போட்டு பத்து நிமிஷத்துல உதடு வீங்கி மூச்சு முட்டிச்சு” என்றால் அது ஒவ்வாமை. மருந்தின் பெயரோடு கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.