குளிர்சாதனப் பெட்டியில் காஸ் தானாக முடிவதில்லை

“காஸ் முடிந்துவிட்டது போல, வந்து அடித்துவிடுங்கோ” என்றுதான் திருகோணமலையில் பெரும்பாலான வீடுகளிலிருந்து எனக்கு அழைப்பு வருகின்றது. ஆனால் குளிர்சாதனப் பெட்டியில் உள்ள வாயு, அடுப்பு எரிவாயுவைப் போல எரிந்து தீர்வதன்று. அடைபட்ட குழாய்களுக்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறிமாறிச் சுற்றிவருவது. அது குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கின்றது என்பதே பொருள்.

உப்புவெளியில் ஒரு வீட்டில், ஒரே ஆண்டில் இரண்டு தடவை காஸ் அடித்தும் கீழ்த்தட்டில் வைத்த பால் திரிந்துகொண்டே இருந்தது. மேலறையில் மீன் கல்லாய் உறைகிறது என்று அந்த அம்மா சொன்னதுமே காஸில் குறையில்லை என்பது விளங்கிவிட்டது. பனி கட்டாத வகைப் பெட்டிகளில் குளிர் உண்டாவது உறையறையின் பின்சுவருக்குள் மறைந்திருக்கும் குழாய்களில்; அதைக் கீழே தள்ளுவது ஒரு சிறு விசிறி. குழாயில் படியும் பனியை உருக்குகின்ற ஹீற்றர் எரிந்துபோயிருந்ததால், பனி மதில்போல் வளர்ந்து காற்றின் வழியை அடைத்திருந்தது. முன்பு காஸ் அடிக்கப் பெட்டியை நிறுத்திவைத்தபோது அந்தப் பனி உருகியதால்தான், ஒவ்வொரு தடவையும் சில நாட்கள் நன்றாகக் குளிர்ந்திருக்கின்றது. காசு போனது காஸுக்கு, வேலை செய்தது உருகிய பனி!

மேலறையும் குளிராமல், வாயுவை அழுத்திச் சுற்றவிடும் கொம்பிரசர் ஓய்வின்றி ஓடியும் பின்புறக் குழாயோ பக்கச் சுவரோ சூடாகாமல் இருந்தால் கசிவைச் சந்தேகிக்கலாம். திருக்கடலூர் போன்ற கரையோர வீடுகளில் உப்புக்காற்றால் இரும்புக் குழாய்கள் துருவேறிப் பொத்துப்போவதை அடிக்கடி காண்கிறேன். கத்தியால் பனிக்கட்டியைக் குத்திக் குழாயைத் துளைத்துவிட்டு மௌனமாக நிற்பவர்களும் உண்டு.

கச்சான் காற்று வீசும் மாதங்களின் வெக்கையில், சுவரோடு ஒட்டி நிற்கும் பெட்டி வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் திணறும். நாலு விரற்கடை தள்ளிவைத்துத் தூசியைத் துடைத்தாலே பல முறைப்பாடுகள் தீர்ந்துவிடும். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் இறப்பர் தளர்ந்துவிட்டது. மின்சாரம் போய் வந்தால் ஐந்து நிமிடமாவது பொறுத்தே பெட்டியை இயக்குங்கள்.

உண்மையிலேயே காஸ் அடிக்க நேர்ந்தால், கொம்பிரசர் அருகில் ஒட்டியுள்ள விபரச் சீட்டில் எந்த வாயு என்று பார்க்கச் சொல்லுங்கள். புதிய பெட்டிகள் பலவற்றில் உள்ள ஆர் 600ஏ தீப்பற்றக்கூடியது. அதற்குப் பதிலாக ஆர் 134ஏ என்ற வேறு வாயுவை அடிப்பதும் தவறு. பழைய வாயுவை முற்றாக வெளியேற்றி, யன்னல்களைத் திறந்துவைக்கும்வரை ஒட்டுவேலைக்குத் தீ மூட்ட எவரையும் விடவேண்டாம்.