உருகியா, உருக்கியா?

பழைய வீட்டு மெயின் பலகையில் வெள்ளைப் பீங்கான் கட்டைகள் வரிசையாக இருக்கும். மெயினை அணைத்துவிட்டு ஒன்றை உருவிப் பாருங்கள். இரண்டு பித்தளைத் திருகுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய கம்பி. அதுதான் ஃபியூஸ், பேச்சில் பீஸ். 'பீஸ் போன பல்பு' என்கிறோமே, பல்புக்குள் அறுவது இழை. அதற்கும் இந்தக் கம்பிக்கும் சம்பந்தமில்லை. சரி, வழக்கு அப்படி.

இந்த ஃபியூஸ் என்ற சொல்லின் வேர் லத்தீனின் 'ஃபுண்டெரே'; உருக்குதல், வார்த்தல் என்று பொருள். உலோகம் வார்க்கும் ஃபவுண்டரியும் அதே வேரில் முளைத்ததுதான். வெடிக்குப் பற்றவைக்கும் ஃபியூஸ் வேறு வழியில் வந்தது. அதன் மூலமான 'ஃபூசுஸ்', நூல் நூற்கும் கதிரைக் குறிக்கும். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லாகிவிட்டன. தமிழில் அந்தச் சிக்கல் இல்லை: அது திரி, இது உருகி. 1880-ல் எடிசன் பெற்ற காப்புரிமையில் இதன் பெயர் 'பாதுகாப்புக் கடத்தி'. வேலையைச் சொல்கிற பெயர்தான், ஆனால் எப்படிக் காக்கிறது என்பதைச் சொல்லவில்லை. உருகி அதைச் சொல்லிவிடுகிறது.

சிலர் 'உருக்கி' என்று எழுதுகிறார்கள். அது தவறு. உருகு என்பது தானே உருகுவது, உருக்கு என்பது பிறிதை உருக்குவது. காசநோயை எலும்புருக்கி என்றது அதனால்தான். ஃபியூஸ் எதையும் உருக்குவதில்லை. மின்னோட்டம் எல்லை மீறினால் தான் உருகிச் சுற்றை அறுக்கிறது. ஒரே இடைஞ்சல், 'உருகி' வினையெச்சமாகவும் வரும். 'உருகி உருகிவிட்டது' என்று எழுதினால் காதல் கடிதம் போலிருக்கும். மின்னுருகி என்றால் தீர்ந்தது.

உருகி போன கட்டையே கதை சொல்லும். சுமை மெல்லக் கூடியிருந்தால் கம்பி நடுவில் சத்தமில்லாமல் அறுந்திருக்கும். ஷார்ட் சர்க்யூட் என்றால் பீங்கானில் கரி அப்பி, செம்புத் துளிகள் தெறித்திருக்கும். அடிக்கடி போகிறதே என்று நாலைந்து இழைகளை முறுக்கிக் கட்டுபவர்கள் உண்டு. அப்புறம் சூடேறுவது சுவருக்குள் இருக்கும் ஒயர். இன்னொன்று, சில பழைய வீடுகளில் மின்னோட்டம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பிக்கும் உருகி போட்டிருப்பார்கள். அது மட்டும் போனால் விளக்கு அணையும், ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். விளக்கு எரியவில்லை என்று நம்பிக் கை வைத்தால் ஷாக்தான்.

இன்று வீடுகளில் இருக்கும் எம்சிபியையும் சிலர் உருகி என்கிறார்கள். அதில் எதுவும் உருகுவதில்லை. விசை தட்டி விழுகிறது, தூக்கிவிட்டால் மறுபடி வேலை செய்கிறது. அது சுற்றுமுறிப்பான்.