சிமெண்ட் மூட்டையைக் கீழே வையுங்கள்

இந்த ஆண்டில் இது மூன்றாவது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு பண்ணை; அதில் 300 ஆண்டுப் பழைய செங்கல் புறாமாடம், அதாவது இறைச்சிக்காகப் புறா வளர்த்த கட்டடம். “போன கோடையில் சிமெண்ட் வைத்துப் பலப்படுத்திவிட்டேன்” என்று உரிமையாளர் பெருமையோடு காட்டினார். ஒரே ஒரு பனிக்காலம்தான் கடந்திருந்தது. செங்கற்களின் முகம் அப்பளம் போல உரிந்து காலடியில் கிடந்தது. பூசிய பிறகுதான் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் எங்களைப் போன்றவர்களின் நினைவே வருகிறது.

“சிமெண்ட் வலுவானது, அதனால் நல்லது.” கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வலுவானதுதான், யார் மறுத்தார்கள்? அந்த வலுதான் வினை. பழைய சுவரில் இடுக்கை நிரப்பும் சுண்ணாம்புக் காரை செங்கல்லைவிட மென்மையாகத்தான் இருக்க வேண்டும். சுவர் அசைந்தால் அது விட்டுக்கொடுக்கும். உள்ளே போன ஈரம் அதன் வழியே வெளியேறும். தேய்வதென்றாலும் அதுதான் முதலில் தேயும். தேய்ந்ததைச் சுரண்டிவிட்டு மறுபடி நிரப்பலாம். சிமெண்ட் அடைத்த சுவரில் தேய்வது செங்கல். 300 ஆண்டுப் பழைய செங்கல்லை எந்தக் கடையில் வாங்குவீர்கள்?

இன்னொன்று. மாடத்தின் உட்சுவரில் புறாக்கள் கூடு வைக்கும் பொந்துகளில் அடிவரிசை அடைபட்டிருந்தால், யாரோ தவறாக அடைத்துவிட்டார்கள் என்று உடைத்துத் திறக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில் பழுப்பு எலி இங்கே வந்து பரவியபோது, முட்டையையும் குஞ்சையும் காக்கப் பண்ணைக்காரர்கள் அடைத்தவை அவை. விட்டுவிடுங்கள்.

மாடம் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிய வேண்டுமானால் வார்விக்‌ஷயரில் கின்வார்ட்டனுக்குப் போய்ப் பாருங்கள். 14-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், 3 அடிக்கு மேல் தடித்த வட்டச் சுவர், 500-க்கும் மேற்பட்ட பொந்துகள். நடுத்தூணோடு சுழலும் ஏணி இன்னும் இருக்கிறது. ஏறி நின்று சுற்றிச் சுற்றிக் குஞ்சு எடுத்திருக்கிறார்கள். எனக்கும் அதில் ஒரு சுற்று வர ஆசைதான்.

பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடத்தின் தன்மை மாறும்படி அனுமதியின்றிக் கைவைப்பது 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உள்ளே கூகை கூடு வைத்திருந்தால் கிட்டப் போகாதீர்கள். காய்ந்த புறா எச்சத்தை அப்படியே பெருக்காதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் அணிந்து, நீர் தெளித்து அள்ளுங்கள். சுண்ணாம்பு வேலையை உறைபனிக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

ஏற்கெனவே சிமெண்ட் பூசியாயிற்றா? தயவுசெய்து அறுக்கும் இயந்திரத்தோடு பாயாதீர்கள், செங்கல் விளிம்பும் சேர்ந்து போய்விடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் வரும்வரை ஒன்றும் செய்யாதிருங்கள்.