ஃபீல்ட் காயில் இணைப்பில் இருக்கிறது வண்டியின் குணம்

பழைய காரை மின்சாரத்துக்கு மாற்றக் கிளம்பும் பலர் முதலில் கேட்பது, "எத்தனை கிலோவாட் மோட்டார் போடலாம்?" என்றுதான். டிசி மோட்டார் என்றால் அதற்கு முன்பே கேட்க வேண்டியது ஒன்று உண்டு: உள்ளே ஃபீல்ட் காயிலை எப்படி இணைத்திருக்கிறார்கள்?

மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சர் ஒன்று, அதைச் சுற்றி அசையாமல் நின்று காந்தப்புலம் தரும் ஃபீல்ட் ஒன்று. புலமும் ஆர்மேச்சர் மின்னோட்டமும் எவ்வளவு அதிகமோ, முறுக்குவிசை அவ்வளவு அதிகம். ஆர்மேச்சர் சுழலத் தொடங்கியதும் அதுவே ஜெனரேட்டர் போல ஓர் எதிர் வோல்டேஜை உண்டாக்கும். அது பேட்டரியின் வோல்டேஜை நெருங்க நெருங்க, உள்ளே வரும் மின்னோட்டம் குறையும். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் போதும்.

சீரிஸ் மோட்டாரில் ஆர்மேச்சர் வழியே போகும் அதே மின்னோட்டம்தான் ஃபீல்டிலும் போகிறது. அதனால் ஃபீல்டில் தடித்த செம்பு, சில சுற்றுகள் மட்டுமே. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் புலமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. முறுக்குவிசை நான்கு மடங்கு. இரும்பு காந்தத்தால் நிறைவுறும் வரை இந்தக் கணக்கு செல்லும். நின்ற இடத்திலிருந்து பாரத்தை இழுக்க இதைவிட வேறென்ன வேண்டும்? ரயில், டிராம், எஞ்சின் ஸ்டார்ட்டர் என எல்லாவற்றிலும் நெடுங்காலம் இதுவே ஆண்டது.

ஆபத்தும் இதே இணைப்பில்தான். பாரம் இல்லாதபோது மின்னோட்டம் குறையும், கூடவே புலமும் மெலியும். மெலிந்த புலத்தில் அதே எதிர் வோல்டேஜைத் தர மோட்டார் இன்னும் வேகமாகச் சுழன்றாக வேண்டும். வேகம் எகிறிக்கொண்டே போய், கம்யூட்டேட்டரின், அதாவது ஆர்மேச்சருக்கு மின்சாரத்தை வாங்கிக் கொடுக்கும் சுழல் உருளையின், செம்புப் பட்டைகள் பிய்த்துக்கொண்டு பறக்கும். கிளட்சை மிதித்தபடி ஆக்சிலரேட்டரையும் அழுத்தினால் இது நடக்கலாம். வேக வரம்பு வைக்கும் கன்ட்ரோலர் இல்லாமல் சீரிஸ் மோட்டாரைக் காரில் பூட்டக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். மேஜையில் சோதிக்கும்போது மோட்டாரை இறுகக் கட்டி, 12 வோல்ட் மட்டும் கொடுங்கள்.

இன்னொரு குறையும் உண்டு. பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்ப, ஆர்மேச்சர் மின்னோட்டம் மட்டும் திசை மாற வேண்டும்; புலம் மாறக் கூடாது. சீரிஸில் இரண்டும் ஒரே கம்பி என்பதால் புலமும் சேர்ந்து புரண்டுவிடுகிறது. அதனால்தான் அதில் மீட்பு பிரேக் சிக்கலான வேலை.

சரி, மீட்பு பிரேக் கட்டாயம் வேண்டும் என்றால்? ஃபீல்டைத் தனியே இயக்கும் 'செப்-எக்ஸ்' மோட்டார். மெல்லிய கம்பியில் பல சுற்றுகள். சில ஆம்பியர்களிலிருந்து சில பத்து ஆம்பியர்கள் வரை போதும். கிளம்பும்போது புலத்தைக் கூட்டலாம், வேகத்தில் குறைக்கலாம், இறக்கத்தில் மின்சாரத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் ஃபீல்டையும் ஆர்மேச்சரையும் சேர்த்து ஆளும் கன்ட்ரோலர் வேண்டும். ஃபீல்ட் கம்பி அறுந்தால் உடனே ஆர்மேச்சரைத் துண்டிக்கும் வசதியும் அதில் இருக்க வேண்டும்.

ஃபீல்டை ஆர்மேச்சருக்குப் பக்க இணைப்பில் வைக்கும் ஷண்ட் வகை, வேகத்தை ஏறக்குறைய ஒரே சீராக வைக்கும். காருக்கு அது பெரிய உதவி இல்லை. ஃபீல்ட் காயிலுக்குப் பதில் நிரந்தரக் காந்தம் வைத்த நிலைக்காந்த மோட்டார், இலகுவான இருசக்கர வண்டிக்கு அருமை. ஆனால் அளவுக்கு மீறிய சூடும் மின்னோட்டமும் காந்தத்தை நிரந்தரமாகப் பலவீனமாக்கும்.

கியர்பாக்ஸை அப்படியே வைத்து முதல் முறையாக மாற்றுகிறவருக்கு நான் சொல்வது சீரிஸ்தான். ஏற்ற இறக்கம் அதிகமான பாதை என்றால் செப்-எக்ஸ்.

பழைய ஃபோர்க்லிஃப்ட் மோட்டார் கையில் கிடைத்தால் வெளியே உள்ள முனைகளைப் பாருங்கள். நான்கும் தடிமனாக இருந்தால் பெரும்பாலும் சீரிஸ். இரண்டு தடிமன், இரண்டு மெல்லியது என்றால் செப்-எக்ஸ் அல்லது ஷண்ட். அப்புறம், அந்த மோட்டார்கள் முன்னும் பின்னும் சமமாக ஓட வேண்டும் என்பதால் கம்யூட்டேட்டரைத் தொட்டு மின்சாரம் தரும் கார்பன் பிரஷ்கள் நடுநிலையில் இருக்கும். 36 அல்லது 48 வோல்டுக்குப் பிறந்த சீரிஸ் மோட்டாருக்கு 96 வோல்ட் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், பிரஷ் பிடியைச் சுழலும் திசைக்கு எதிராக ஏறக்குறைய 10 டிகிரி நகர்த்துங்கள். இல்லாவிட்டால் தீப்பொறி பறந்து கம்யூட்டேட்டர் கருகும்.