'பழகிப்போச்சு டாக்டர்' என்று சொல்லும் சிஸ்டர்களுக்கு

இந்த மாதமும் ஒரு செவிலியர் நெஞ்செரிச்சல் என்று என் வண்ணாரப்பேட்டை கிளினிக்குக்கு வந்தார். ஐசியூ வேலை. மாதக்கணக்காகத் தானே பான்டோபிரசோல் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார். தூக்கம் எப்படி என்று கேட்டேன். நைட் டூட்டி முடிந்து வீட்டில் படுத்தாலும் மருந்து ஏற்றும் இன்ஃபியூஷன் பம்ப்பின் அலாரம் காதில் கேட்குமாம், எழுந்து உட்கார்ந்துவிடுவாராம். முன்பெல்லாம் நோயாளி இறந்தால் அழுகை வரும், இப்போது ஒன்றுமே தோன்றுவதில்லை என்றார். "பழகிப்போச்சு டாக்டர்."

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. "நர்ஸுக்கு இதெல்லாம் பழகியிருக்குமே" என்று வீட்டிலும் சொல்கிறார்கள், வார்டிலும் சொல்கிறார்கள். ஊசி போடக் கை பழகும். ரத்தம் பார்க்கக் கண் பழகும். நோயாளி முனகினாலே எரிச்சல் வருவதும், ஆளை மறந்து பெட் நம்பர் மட்டும் நினைவில் நிற்பதும், எவ்வளவு செய்தாலும் சரியாகச் செய்யவில்லை என்று குமைவதும் பழக்கமே இல்லை. தீராத களைப்பு, வேலையில் மனம் விட்டுப்போவது, திறமை குறைந்துவிட்டதான எண்ணம்: உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியலில், வேலை அழுத்தத்தால் ஆள் ஓய்ந்துபோகும் பர்ன்அவுட்டுக்கு இந்த மூன்றும்தான் அடையாளம். சரியாகக் கையாளப்படாத, நாள்பட்ட பணியிட அழுத்தமே காரணம் என்றும் அதில் இருக்கிறது. பிறகு எதற்கு சிஸ்டரின் மனதிடத்தைக் குறை சொல்கிறீர்கள்? டூட்டி சார்ட்டைப் பாருங்கள்.

களைப்பு என்றால் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள்; ஊருக்கெல்லாம் ரத்தம் எடுப்பவர்கள் தங்களுக்குப் பார்த்துக்கொள்வதில்லை. பதற்றத்துக்குத் தரும் அல்பிரசோலம் மாத்திரையை நீங்களாகப் போட்டுக்கொள்ளவே கூடாது, அது அடிமையாக்கிவிடும் என்று உங்களுக்கே தெரியும். நைட் முடித்த காலையில் டபுள் டூட்டிக்குத் தலையாட்டாதீர்கள். அளவு தவறினால் உயிரையே எடுக்கும் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலைத் தூங்காத கண்ணோடு எடுப்பது நோயாளிக்கும் ஆபத்து. விடியற்காலை டீயை விடுங்கள், அறையை இருட்டாக்கிப் படுங்கள்.

வீட்டில் இருப்பவர்களே, நைட் முடித்து வந்தவர் கையில் கரண்டியைக் கொடுக்காதீர்கள். தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு நீங்கள் போங்கள். இன்சார்ஜ் சிஸ்டர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒரு மரணம் நடந்தால், அந்த ஸ்டாஃபை அடுத்த அட்மிஷனுக்கு அனுப்பும் முன் பத்து நிமிடம் உட்கார விடுங்கள்.

செத்துவிடலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே வாருங்கள். ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களே என்று தயக்கமாக இருந்தால், முதலில் 14416க்குப் பேசுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் அது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.