"மருந்து கண்டுபிடிக்கத்தான் பிஎச்.டி., மேடம்" என்று சொல்லும் பிள்ளைகளுக்கு

புற்றுநோய் ஆய்வில் பிஎச்.டி. சேர்க்கை நடக்கும் ஒவ்வொரு முறையும் கைடான எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் இருக்கும். பாட்டியோ அப்பாவோ சித்தியோ புற்றுநோயில் போயிருப்பார். "அதற்கு மருந்து கண்டுபிடிப்பதே என் லட்சியம், மேடம்" என்று கடிதம் முடியும். இந்த வருடம் மூன்றாம் ஆண்டில் இருந்த ஒரு மாணவி ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். கெட்டிக்காரி. கை அவ்வளவு சுத்தம். அவள் வளர்த்த செல்களில் கிருமி சேர்ந்து நான் பார்த்ததே இல்லை. அப்பாவை இரைப்பைப் புற்றுநோயில் இழந்தவள். வெஸ்டர்ன் பிளாட்டில் (செல்லில் இருக்கும் புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) பட்டை சரியாக விழாத நாளெல்லாம் "அப்பாவுக்கு என்னால் எதுவுமே செய்ய முடியலை மேடம்" என்று அழுவாள். அந்தப் புரதத்தைப் பிடிக்கச் சேர்க்கும் ஆன்டிபாடி பழசாகிவிட்டது, அதனால்தான் பட்டை விழவில்லை. அதை எத்தனை முறை சொல்லியும் அவள் மனம் ஆறவில்லை. இப்படிப் போனவர்களில் இவள் முதல் ஆளும் இல்லை.

துக்கத்தோடு வருவது தவறே இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923-இல் தங்கையைப் புற்றுநோயில் பறிகொடுத்தார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது 1954-இல். ஆனால் அவர் கட்டியது மருத்துவமனை என்பதைக் கவனியுங்கள். நோயாளியின் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் உள்ளாசை என்றால், நர்சிங், கதிர்வீச்சுச் சிகிச்சைத் தொழில்நுட்பம், வலி தணிப்புச் சிகிச்சை, கருப்பைவாய்ப் பரிசோதனை முகாம் என்று எத்தனையோ வழி இருக்கிறது. இங்கெல்லாம் ஆள் போதவில்லை. பிஎச்.டி. செய்யும் ஐந்தாறு வருடத்தில் ஒரு நோயாளியைக்கூட நீங்கள் நேரில் பார்க்காமல் போகலாம்.

சரி, அந்த "மருந்து" விஷயத்துக்கு வருகிறேன். புற்றுநோய் ஒரே நோய் இல்லை. மார்பகப் புற்றுநோய் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதிலேயே ஹெர்2 என்ற புரதம் கூடுதலாக இருப்பவருக்கு வேலை செய்யும் டிராஸ்டுஸுமாப் என்ற மருந்து, அது இல்லாதவருக்கு உதவாது. அப்படி இருக்க, ஒரு இலைச்சாற்றை எம்சிஎஃப்-7 என்ற, லேபில் வளர்க்கும் மார்பகப் புற்றுநோய்ச் செல்மீது ஊற்றி, செல் செத்தது, ஆகவே இது புற்றுநோய் மருந்து என்று ஆய்வேடு எழுதுகிறார்கள். தட்டில் வளரும் செல்லைக் கொல்வது பெரிய காரியமே இல்லை. உப்பைக் கூட்டினால் சாகும். எலுமிச்சைச் சாறு விட்டால் சாகும். சாற்றைக் கரைக்கச் சேர்க்கும் டிஎம்எஸ்ஓ கொஞ்சம் கூடினாலே சாகும். உயிரோடு இருக்கும் செல்லை ஊதா நிறத்தால் காட்டும் எம்டிடி சோதனையில் நிறம் குறைந்தால் அது எதனால் குறைந்தது என்று தட்டு சொல்லாது. அதே அளவில் நல்ல செல்லும் செத்ததா? அந்த அளவு, குடலையும் கல்லீரலையும் தாண்டிக் கட்டிவரை போய்ச் சேருமா? இதைக் கேட்காமலே செய்தித்தாளுக்குச் சொல்லிவிடுகிறார்கள். அதைப் படித்துவிட்டு, "கீமோவை நிறுத்திவிட்டு இந்த இலையைச் சாப்பிடலாமா?" என்று நோயாளி வீட்டார் எனக்குப் போன் செய்கிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

(செல்லைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். 1951-இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து வந்த ஹீலா செல்கள், லேபில் தொடர்ந்து வளர்க்கும் மற்ற செல் வகைகளில் (செல் லைன்) கலந்து, வேறு புற்றுநோய் என்று நம்பி இதையே ஆராய்ந்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. எந்தச் செல் என்று டிஎன்ஏவை வைத்து உறுதிசெய்யும் எஸ்டிஆர் சோதனை செய்யாத செல்லில் வேலையைத் தொடங்காதீர்கள்.)

"நித்தியகல்யாணியிலிருந்து மருந்து வரவில்லையா?" என்று உடனே கேட்பார்கள். வந்தது. 1950-களில் கனடாவில் நோபிளும் பியரும் அந்தச் செடியைச் சர்க்கரை நோய்க்காகத்தான் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளை அணுக்கள் குறைந்தன. ஏன் என்று விடாமல் துருவி, அந்த ஒரு பொருளைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து.

என் மாணவர்களிடம் நான் தேடுவது அந்த "ஏன்"தான். 1960-இல் பிலடெல்பியாவில் நவலும் ஹங்கர்ஃபோர்டும் ஒருவகை ரத்தப் புற்றுநோயில் ஒரு குரோமோசோம் மட்டும் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். ஹங்கர்ஃபோர்ட் அப்போது ஆராய்ச்சி மாணவர். 9-ஆம் 22-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதால் அப்படி ஆனது என்று ஜேனட் ரௌலி காட்டியது 1973-இல். அதிலிருந்து பிறக்கும் புரதத்தை அடக்கும் இமாட்டினிப் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2001-இல். இந்த 41 வருடத்தில் உங்கள் பிஎச்.டி. எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பாருங்கள். 2018-இல் நோபல் வாங்கிய ஜேம்ஸ் அலிசனும் சிறுவயதில் அம்மாவை லிம்ஃபோமாவில் இழந்தவர்தான். ஆனாலும் நோய் எதிர்ப்பு அணுவான டி செல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையே தன்னை இந்த வேலைக்கு இழுத்தது என்கிறார்.

வேறு காரணங்களும் இருக்கின்றன. வேலை கிடைக்கவில்லை, பெயருக்கு முன்னால் டாக்டர் வேண்டும், கல்யாணம் ஆகும்வரை பெண் படிக்கட்டும். பெற்றோரே, கடைசிக் காரணத்துக்காகப் பிள்ளையை அனுப்பாதீர்கள். ஞாயிற்றுக்கிழமையும் செல்லுக்கு மீடியம் (ஊட்டத் திரவம்) மாற்ற வேண்டும், வரன் பார்க்க வருகிறார்கள் என்று அது காத்திருக்காது.

பணத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நெட் தேர்வில் ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி மாணவருக்கான உதவித்தொகை) வாங்கினால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000, வாடகைப்படி தனி. பல இடங்களில் மாதக்கணக்கில் தாமதமாகத்தான் வரும். ஃபெலோஷிப் இல்லாமல் சேர்ந்துவிட்டு "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று மட்டும் இருக்காதீர்கள்.

சேருவதற்கு முன் ஏதாவது ஒரு லேபில் மூன்று மாதமாவது வேலை பாருங்கள். கைடிடம் கேட்பதைவிட சீனியர்களிடம் கேளுங்கள்: இங்கே முடிக்க எத்தனை வருடம் ஆகிறது, யார் பாதியில் போனார்கள், ஏன் போனார்கள். சமீபத்தில்தான் வீட்டில் இழப்பு என்றால் ஒரு வருடம் பொறுங்கள், இந்தத் துறை எங்கும் ஓடிவிடாது. ஏற்கெனவே சேர்ந்துவிட்டு உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருப்பவர்கள் கைடிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மனநல ஆலோசகரைப் பாருங்கள். தலைப்பை மாற்றிக்கொள்ளலாம், விலகவும் செய்யலாம்.

விண்ணப்பக் கடிதத்தில் வீட்டில் நடந்ததை ஒரு வரி எழுதுங்கள், மறைக்க வேண்டாம். மீதிப் பக்கத்தில், நீங்கள் முழுதாகப் படித்த ஒரு ஆய்வுக் கட்டுரையில் எந்தப் படம் நம்பும்படியாக இல்லை, அதைச் சரிபார்க்க நீங்கள் என்ன சோதனை செய்வீர்கள் என்று எழுதுங்கள். அப்படி எழுதியவரை மதிப்பெண் குறைந்திருந்தாலும் நேர்முகத்துக்கு அழைக்கிறேன்.