உடனடிப் பணப் பரிமாற்றம் எல்லோருக்கும் எட்ட என்ன விதிகள் தேவை?

வளரும் நாடுகள் பலவற்றில் ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்கு நொடிப்பொழுதில் பணம் அனுப்பும் வசதி வந்துவிட்டது. வேகம் என்ற சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிட்டதால், இணையம் இல்லாதவரும், ஏடிஎம் கார்டு இல்லாதவரும், எழுத்துக்கூட்டிப் படிக்கவே தடுமாறுபவரும் இதற்குள் நுழைய முடியுமா என்பதே இப்போதைய கேள்வி. அதைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் விதிகள்தாம்.

பிரேசிலின் மத்திய வங்கி 2020 நவம்பரில் 'பிக்ஸ்' என்ற உடனடிப் பரிமாற்ற முறையைத் தொடங்கியபோது, ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர் கணக்குகளை வைத்திருக்கும் நிறுவனங்கள் அனைத்தும் அதில் சேர்ந்தே ஆகவேண்டும் என்று விதித்தது. தனிநபர்கள் பணம் அனுப்புவதையும் பொதுவாக இலவசமாக்கியது. விருப்பமுள்ள வங்கிகள் மட்டும் சேரட்டும் என்று விட்டிருந்தால், பெறுபவருக்கு எந்த வங்கியில் கணக்கு என்று விசாரித்த பிறகே பணம் அனுப்ப வேண்டியிருந்திருக்கும். கானா எதிர்த்திசையில் சென்று திரும்பியது. 2018-இல் வெவ்வேறு மொபைல் பணச் சேவைகளை ஒன்றோடொன்று இணைத்த அந்நாடு, 2022 மே மாதம் மின்னணுப் பரிமாற்றங்கள் மீது 1.5 விழுக்காடு வரி விதித்தது. நாளொன்றுக்கு 100 'செடி' (கானாவின் நாணயம்) வரை விலக்கு இருந்தும் எதிர்ப்பு ஓயாததால், அந்த வரி 1 விழுக்காடாகக் குறைக்கப்பட்டு, 2025-இல் அடியோடு நீக்கப்பட்டது.

இந்தியாவின் யுபிஐ முறையில் கவனிக்க வேண்டியது பட்டன் போனுக்கான ஏற்பாடு. இணையம் இல்லாத போனில் *99# என்று அழைத்தால் திரையில் எழுத்துப் பட்டியல் ஒன்று வரும். பணம் அனுப்புவதற்கான எண்ணை அழுத்தி, பெறுபவரின் மொபைல் எண், தொகை, கடைசியாகப் பின் எண் என்று ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். முன்பு இதற்கு ஒரு முறைக்கு 50 பைசா வரை கட்டணம் இருந்தது. 2022-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அதை நீக்கியது. ஆனால், பட்டியலைப் படித்து முடிப்பதற்குள் இணைப்பு அறுந்துபோனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதால், படிக்கத் தெரியாதவருக்கு இந்த வழி பெயரளவில்தான் திறந்திருந்தது. 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அறிமுகப்படுத்திய 'யுபிஐ 123பே' அந்தக் குறையை ஓரளவு போக்குகிறது: ஓர் எண்ணை அழைத்து, பதிவுக் குரல் சொல்வதைக் கேட்டு, பட்டன்களை அழுத்தியே பணம் அனுப்பலாம். ஒரு முறைக்கு 5,000 ரூபாயாக இருந்த இதன் உச்சவரம்பை 10,000 ரூபாயாக உயர்த்த 2024 அக்டோபரில் முடிவெடுக்கப்பட்டது.

அடுத்த தடை பின் எண். அதை அமைக்க முன்பு ஏடிஎம் கார்டின் விவரம் தேவைப்பட்டது. கணக்கு இருந்தும் கார்டு வாங்காதவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். இப்போது ஆதார் வழியே வரும் ஓடிபியைக் கொண்டும் பின் எண் அமைக்கலாம். ஆனால் ஆதாரில் உள்ள மொபைல் எண்ணும் வங்கியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆதாரில் மகனின் எண்ணைக் கொடுத்துவிட்டுத் தனக்கென்று பின்னர் ஒரு சிம் வாங்கி அதை வங்கியில் பதிந்த தாய்க்கு இந்த வாசலும் திறக்காது. ஆகவே முதலில் ஆதார் மையத்தில் எண்ணைத் திருத்திக்கொள்வதே சரியான வரிசை. தனக்கென்று வங்கிக் கணக்கே இல்லாதவருக்கு, நம்பிக்கைக்குரிய ஒருவரின் கணக்கிலிருந்து வரம்புக்குள் செலுத்த இடமளிக்கும் 'யுபிஐ சர்க்கிள்' உண்டு. பணமும் கட்டுப்பாடும் கணக்குக்காரரிடமே இருப்பதால், சொந்தக் கணக்குக்கு இது ஈடாகாது.

பணம் வழியில் சிக்கினால் என்ன செய்வது என்பது, கையிருப்பு குறைந்தவருக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். பிரேசிலில் மோசடிக்கு ஆளானவர் 80 நாட்களுக்குள் தன் வங்கியிடம் பணத்தை மீட்டுத் தரக் கோரலாம். இந்தியாவில், ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, அனுப்பியவர் கணக்கில் கழிக்கப்பட்டு, பெறுபவர் கணக்கில் சேராத யுபிஐ தொகை, மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வர வேண்டும். தவறினால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீட்டை வாடிக்கையாளர் கேட்காமலேயே வங்கி வரவு வைக்க வேண்டும். வங்கியிடம் எழுத்து மூலம் புகார் அளித்து 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்கான விவரங்களை 14448 என்ற எண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.